சுமக்கேன் என்று சொன்னவர்கள்

ஆறுதல்புரத்தில் வாய்ச்சொல் தோளில் ஏற ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து சுக்குக்காப்பி டம்ளர்கள் கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. சிவந்த தேரி மணலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே, தூரத்தில் வரும்போதே கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் மட்டும் முதலில் தெரிகிற அந்த ஊரில், ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் பதிலுக்குச் சொல்வதற்கென்றே ஒரு வாசகம் வழிவழியாக வந்துகொண்டிருந்தது: "உங்க பாரத்த நான் சுமக்கேன்." சுமக்கிறேன், அதாவது உங்களுக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்பதுதான் அதன் பொருள். பஸ்ஸில் ஏறும் அவசரத்தில் சொல்வார்கள், மீன்காரியிடம் பேரம் பேசும் இடைவெளியில் சொல்வார்கள், சபையின் வாட்ஸப் குழுவில் கும்பிடுகிற கைகளை இரண்டு மூன்று சேர்த்து அனுப்பிச் சொல்வார்கள், சொன்ன கையோடு மறந்தும் போவார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மூச்சு விடுவதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு அதைச் சொன்னது எப்சிபா. பெண்கள் சங்கத்தின் செயலாளர், சத்துணவுக் கூடத்தில் அண்டா தூக்கியே காலம் கழித்து ஓய்வு பெற்றவள், குரலும் பெரிசு, கையும் பெரிசு, புருஷனை அடக்கம் பண்ணிய பிறகு தனி வீட்டில் தனி ஆளாக இருப்பவள். அவளுக்கு எதிரே பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் உட்கார்ந்து, புருஷனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதையும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தான் நாயாய் அலைவதையும் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். எப்சிபா காப்பியை ஊதிக்கொண்டே, "அழாத பாக்கியம், உன் பாரத்த நான் சுமக்கேன்" என்றாள். சொல்லி வாயை மூடவில்லை, அவளுடைய வலது தோள் கீழே இறங்கியது, டம்ளர் உருண்டது, அண்டா தூக்கிய கை தரையில் ஊன்றிக்கொண்டது. எதிரே பாக்கியத்தாய் முதுகை நிமிர்த்தி, மூக்கைத் துடைத்து, யாரோ அவள் தலையிலிருந்து நெல்மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒரு பெருமூச்சு விட்டு, "அந்த முறுக்குத் தட்ட இங்க தள்ளுங்களேன், பசிக்கி" என்றாள். அவள் பசி என்று சொல்லிக் கேட்டு மாசக்கணக்காகியிருந்தது.

எப்சிபா மெல்ல எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கினாள். பாரம் கனமாக இருந்தது, ஆனால் தூக்க முடியாத கனமாக இல்லை. மற்றவர்கள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

அடுத்து வந்த நாட்களில் ஊரில் பலபேர் பல விதமாக மாட்டிக்கொண்டார்கள். சபைக் கமிட்டி மெம்பர் ராஜாசிங், கமிட்டி எலெக்ஷன் வருகிறதே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் அந்த வாசகத்தைச் சொல்லிக்கொண்டே போனவர், கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை. அவரை லோடு ஆட்டோவில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். மஸ்கட்டில் இருக்கும் ஒருத்தர் வாட்ஸப்பில் தட்டி அனுப்பிவிட்டுக் கட்டிலிலிருந்து எழுந்திருக்க மாட்டாமல் கிடந்து, அங்கிருந்தபடியே குழுவை விட்டு வெளியேறினார். அதன் பிறகு ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. துக்கம் சொன்னால் "அப்படியா" என்றார்கள், வியாதி சொன்னால் "டாக்டர் என்ன சொல்லுதாரு" என்றார்கள், ஜெபக்கூட்டத்துக்குத் தலைவலி வந்தவர்கள் எண்ணிக்கை திடீரென்று கூடியது. அந்த வாசகத்தையே சபையில் தடை செய்ய வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, போதகர் சற்குணம், ஊர் வழக்கத்தில் சற்குணம் ஐயர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தடை பண்ணிருவோம்" என்றார். "பண்ணிட்டு, இவ்வளவு காலமா நம்ம என்ன சொல்லிட்டு இருந்தோம்னு ஆண்டவர் கேட்டா, யாரு பதில் சொல்லுதது? ராஜாசிங் அண்ணன் சொல்லுதீயளா?"

கூட்டம் அதோடு முடிந்தது.

கொஞ்ச நாளில் அந்த வாசகத்தை மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்கள், முதலில் ரகசியமாகத்தான், கதவை ஒருக்களித்துக்கொண்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து. பிறகு ஒரே பாரத்துக்குப் பலபேர் சேர்ந்து சொன்னால் அது பங்காகிப் பிரிந்து ஆளுக்கொரு கை அளவுதான் வரும் என்பதைப் பாடகர் குழுப் பெண்கள் கண்டுபிடித்தார்கள், அன்றிலிருந்து ஊருக்குத் துணிவு வந்துவிட்டது. மனசு விட்டுப்போனால் பாரம் தானே சொந்தக்காரரிடம் திரும்பிவிடும், யாரையும் நசுக்காது என்பதும் தெரியவந்தது. பைக்கில் போகும்போது சுமக்கக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சியிடம் கேட்கக் கூடாது, கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் விலக்கு என்று நியாயமான வழக்கங்கள் உண்டாகின. டவுன் பஸ் ஆறுதல்புரம் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சரியும். கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சுமக்குறவங்க ரெண்டு பக்கமும் பிரிஞ்சு உக்காருங்க" என்று சத்தம் போடுவார். கீழத் தெருச் சுடலைமாடன் கோயில் பூசாரி ஒருநாள் வந்து, எங்க ஆளுக சொன்னாலும் ஏறுமா என்று கேட்டார். ஏறியது. சுமக்க வருகிறவனிடம் பாரம் வேறு எதையும் விசாரிக்கவில்லை.

காலையில் பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விடவும் தெருவில் இறங்குகிற அந்த ஜனத்தைப் பார்க்க வேண்டும். ஒருத்தர் இடது தோள் தணிந்து, ஒருத்தர் முதுகு வளைந்து, ஒருத்தர் இரண்டு கைகளாலும் ஒன்றுமில்லாததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் யாருடையதைக் கொண்டுபோகிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல், நடந்து போவார்கள். அதிகாரமும் பணமும் செய்ய மாட்டாத ஒரு காரியம் அந்த மண்ரோட்டில் தினமும் நடந்துகொண்டிருந்தது. டவுனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரிக்கத்தான் வந்தார்கள். பார்த்த பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஏன் கழற்றினார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது.

எல்லாரையும்விட அதிகம் சுமந்தது எப்சிபாதான். ஊர் அவளைச் சுமைதாங்கி என்றது, அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதிலுக்கு அவளுடைய பாரத்தைச் சுமக்க வந்தவர்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள், எதுவும் ஏறவில்லை. இவளுக்குப் பாரமே இல்லை, எவ்வளவு பெரிய விசுவாசம் என்று வியந்துவிட்டுப் போனார்கள். அவளுக்கோ வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு குன்றிமணி கனம்கூடவா இருக்காது. உள்ளே தடவிப் பார்த்தால் வெறுமைதான் இருந்தது, கழுவிக் கவிழ்த்த அண்டாவில் இருக்கிற மாதிரி.

அவளுக்கு ஒரே மகன், தீமோத்தேயு, ஊருக்கெல்லாம் தீமு. பல வருஷங்களுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வேதபாடம் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டுவிழா முடிந்து பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போனது பொன்சிங் வாத்தியார். அவனே அப்போது மீசை அரும்பிய பையன்தான். கதை சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முழங்கால் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லித்தான் இறக்கினான். ஒரு பெரிய அலை வந்து காலடி மணலை அப்படியே உருவிக்கொண்டு போனபோது அவனுடைய ஒரு கையில் தபால்காரர் மகள் இருந்தாள், மறு கையில் தீமு இருந்தான். கரைக்கு வந்தபோது ஒரு கையில்தான் பிள்ளை இருந்தது. கடல் தீமுவைத் திருப்பித் தரவே இல்லை; கல்லறைத் தோட்டத்தில் அவன் பேருக்கு ஒரு சிலுவை இருக்கிறது, அடியில் ஒன்றும் கிடையாது.

"கைய விட்டவன் முகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்று எப்சிபா அன்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஊர் அதைத் தன் வாக்காகவே எடுத்துக்கொண்டது. பொன்சிங் கோயிலுக்கு வருவதை நிறுத்தினான். தேரி ஓரத்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தான். மோட்டாரை வாசலில் வைப்பார்கள், சரியானதும் எடுத்துக்கொண்டு போவார்கள், பேச மாட்டார்கள். எப்சிபாமேல் வைத்த பாசத்தினால்தான் அப்படிச் செய்தார்கள், அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஊரில் எல்லாருடைய பாரமும் நிஜமான கனமாகிவிட்டது. பங்குபோட ஆள் இருந்தவர்களுக்குக் குறைந்தது, இல்லாதவர்களுக்கு அப்படியே உட்கார்ந்தது. பொன்சிங் நடந்த தடம் மணலில் கணுக்கால் ஆழத்துக்கு விழுந்தது. பிறகு அவன் கட்டில் ஒடிந்தது, பிறகு அறையின் சிமெண்டுத் தரை விரிந்து உள்ளே இறங்கியது, பிறகு அவன் அந்தப் பள்ளத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பார்த்துவிட்டு வந்த நர்ஸ், நெஞ்செலும்பு இன்னும் ரொம்ப நாளைக்குத் தாங்காது என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னபோது, நின்றவர்கள் எல்லாரும் எப்சிபாவை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எப்சிபா குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை பாக்கியத்தாய் அவள் அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ஏசக் கூடாது."

"ஏச வேண்டியதா இருந்தா ஏசுவேன். சொல்லு."

"பொன்சிங் வீட்டுக்குப் போனேன்."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த எப்சிபாவின் கை நின்றது. "போயி?"

"சுமக்கேன்னு சொன்னேன். ஏறுச்சு. தோள்ல நிக்கல, வழுக்கி வழுக்கி இடுப்புக்கு வந்துட்டு. அங்கயும் இருப்புக்கொள்ளல, நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அவன்கிட்டயே திரும்பிப் போயிட்டு. நான் மனசு விடலக்கா, ஆண்டவர் அறிய விடல. அதுக்குத்தான் என்னப் பிடிக்கல. ஐயரும் போயிப் பார்த்திருக்காவ, அவியளுக்கும் இதே கததான்."

"அவன் எனக்கு என்ன செஞ்சான்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போயிருக்க."

"என் பாரத்த மொதல்ல தூக்குனது நீங்கதானக்கா. உங்களப் பார்த்துத்தான படிச்சேன்." பாக்கியத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவன் செத்துப்போவான். நம்ம எல்லாரும் ஊரு பாரத்தச் சுமந்துக்கிட்டே அவன் மேல ஏறி நின்னு கொன்ன மாதிரிதான் இருக்கும்."

"நீ போ" என்றாள் எப்சிபா. "எனக்கு வேல கெடக்கு." பாக்கியத்தாய் போன பிறகு அவள் அந்தக் கீரையைச் சமைக்கவில்லை.

மறுநாள் திருவிருந்து ஆராதனை. பெண்கள் முக்காடு போட்டு வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன் முழங்கால் படியிட்டார்கள், எப்சிபாவும் படியிட்டாள், நாலைந்து வீட்டுப் பாரம் அவள் தோளில் இருந்தது. சற்குணம் ஐயர் அப்பத் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். அவள் வழக்கம்போல வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து நீட்டினாள். நீட்டிய கையைப் பார்த்தாள். வெறுங்கையாக இருந்தது, அன்று கரைக்கு வந்தவனின் மறு கையைப்போல. அவளுக்கு இருந்தாற்போல அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை, கையை இழுத்துக்கொண்டாள்.

"இருங்க ஐயரே" என்றாள், பஸ்காரரிடம் சொல்வதைப்போல. "ஒரு எட்டுப் போயிட்டு வந்திருதேன்."

ஐயர் தட்டைத் தாழ்த்தவில்லை. "போயிட்டு வாங்கம்மா" என்றார். "காத்திருக்கோம்."

அவள் எழுந்திருக்க முயன்றபோது பக்கத்தில் படியிட்டிருந்த பாக்கியத்தாய், "அக்கா சுமக்குறத நான் சுமக்கேன்" என்று முணுமுணுத்தாள், அதற்கடுத்தவளும் சொன்னாள், அதற்கடுத்தவளும் சொன்னாள், ஆண்கள் பக்கத்திலும் சொன்னார்கள், ராஜாசிங்குகூடக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னார். எப்சிபாவின் தோள்கள் இரண்டும் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதன்முதலாக ஒன்றுமில்லாமல் லேசாக, அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு அந்த நீண்ட நடைபாதையில் நடந்து வெளியே போனாள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பாடகர் குழு பாடி முடித்த கீர்த்தனையை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தது.

செருப்பைக் கோயில் வாசலிலேயே மறந்துவிட்டுச் சுடுமணலில் நடந்து அவள் போய்ச் சேர்ந்தபோது பொன்சிங் தரைப் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தான். அவனை அவள் மீசை அரும்பிய பையனாகவே மனதில் வைத்திருந்தாள். கிடந்தவனுக்குத் தாடி வெளுத்திருந்தது. அவள் வாசலில் நிழல் தட்டியதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, உள்ள வராதீய. போயிருங்க. இது உங்ககிட்ட வரக் கூடாது. நான் விட்ட கை, நான்தான் சுமக்கணும்."

எப்சிபா உள்ளே வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இத்தனை காலமும் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். "எந்தக் கைல இருந்தான்?"

"இடது கைல."

"ஏன் அவன விட்ட?"

அவன் மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டான். "தெரியலக்கா. ரெண்டு பேரையும் பிடிக்கத் தெம்பு இல்லாமப் போயிட்டு. எந்தக் கை விட்டுதுன்னு கரைக்கு வந்துதான் பார்த்தேன்."

வெளியே பனையோலை காற்றில் சலசலத்தது, தூரத்தில் கீர்த்தனை கேட்டது. எப்சிபா தனக்குள் மன்னிப்பு வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கோபம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. கூடவே, இவன் செத்துப்போகக் கூடாது என்பதும் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை. அதுவரை அவள் நினைத்திருந்தது கோபம் போன பிறகுதான் அன்பு வரும் என்று. அவள் அந்தக் கோபத்தோடேயே வாயைத் திறந்தாள்.

"ஏல, உன் பாரத்த நான் சுமக்கேன்."

பாறாங்கல் வந்து விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். விழவில்லை. வந்தது அவள் இடது இடுப்பில் வந்து ஏறியது. ஏறி, நெளிந்து, ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தது. யாரும் சொல்லாமலே அவள் இடுப்பு ஒரு பக்கம் வளைந்து கொடுத்தது, இடது கை தானாகப் போய் அடியில் தாங்கியது. கால்கள் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின, தூக்குகிற வயசு தாண்டின கால்கள். ஒரு கை அவள் கழுத்தைச் சுற்றியது. ஈரத் தலை ஒன்று அவள் தோளைத் தேடி வந்து, கன்னத்தை வைத்து, அசந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடு வீடாகச் சுற்றிவிட்டு வரும் வழியில் தூங்கிப்போகிற பிள்ளையின் கனம், பெற்றவளுக்கு மட்டும் துல்லியமாகத் தெரிகிற கனம். அவள் அசையப் பயந்து, மூச்சு விடப் பயந்து, அந்த விரிந்த தரைமேல் அப்படியே நின்றாள்.

"அட பாவி" என்றாள், தூங்குகிறவனை எழுப்பிவிடாத குரலில். "ஏல, இவனையா இத்தன வருஷமாத் தூக்கிக்கிட்டுக் கெடந்த."

பொன்சிங் சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து நின்றுவிட்டான். நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினான். பிறகு, பயந்துகொண்டே கேட்டான்: "ரொம்பப் பாரமா இருக்காக்கா?"

"எம் பிள்ள எனக்குப் பாரமால?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், அவளும் அழுதாள், தோளை மட்டும் குலுக்காமல், தூங்குகிற தலை நழுவிவிடாமல் அழுதாள். கீர்த்தனை அங்கே இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தது. எப்சிபா முந்தானையைச் சரிசெய்து, ஈரத் தலையை வெயில் படாமல் மூடி, வாசலைத் தாண்டி மணலில் இறங்கினாள். அவள் வலது காலடி லேசாகவும் இடது காலடி ஆழமாகவும் விழுந்தது. பொன்சிங் வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன நிக்க, வா. எல்லாரும் முழங்கால்ல நிக்காவ. எனக்கும் வயசாயிட்டு, பாதி தூரத்துல கை ஓஞ்சிரும், அப்ப நீதான் வாங்கிக்கிடணும். உனக்குத்தான் அவனத் தூக்கிப் பழக்கம்."